வீட்டு மீன் குளத்துக்கு நீர்நாய், உடும்பு, நாரை வந்தால்? பத்து காஜாவாசிகள் தெரிஞ்சுக்க வேண்டியது

கொல்லைப்புறக் கதவைத் திறக்கிறீங்க. நேற்று ராத்திரி வரைக்கும் குளத்தில் ஏழு கோய் மீன் இருந்தது. இன்றைக்கு எண்ணினால் இரண்டுதான். சிமெண்ட் தரையில் ஒரு மீன் தலை மட்டும் கிடக்கிறது, பக்கத்தில் ஈரமான கால் தடம். முதல் சந்தேகம் பக்கத்து வீட்டுப் பூனை மேல்தான் போகும்.

பாவம், பூனையை விட்டுடுங்க. முழங்கை நீளக் கோய் மீனைத் தண்ணீருக்குள் இறங்கிப் பிடிக்கிற பூனை அபூர்வம். நீங்கள் இருப்பது பத்து காஜா, பூசிங், பாப்பான், தஞ்சோங் துவாலாங் பக்கம் என்றால், சந்தேகப் பட்டியல் ரொம்பவே நீளம். நாரை, வக்கா, நீர் உடும்பு, நீர்நாய், மலைப்பாம்பு என்று யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். ஊர்ப் பெயரிலேயே யானை இருக்கிற இடம்தான் இது. ஆனால் குளத்துக்கு வருகிற விருந்தாளிகள் அந்த அளவுக்குப் பெரியவங்க இல்லை.

இதில் நஷ்டம் மீனோடு முடிவதில்லை. பயத்தில் கட்டையை எடுத்து அடித்தால் சட்டப் பிரச்சனை வரும். தெரியாமல் பாம்பிடம் கையை நீட்டினால் உயிர்ப் பிரச்சனை. அதனால் வந்தது யார், ஏன் வந்தது, என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துடுவோம்.

எதற்கு நம்ம வீட்டைத் தேடி வருது?

இதற்குப் பதில் நம்ம தாத்தா காலத்து ஈயத்தில் இருக்கிறது.

கிந்தாப் பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் உலகிலேயே வளமான ஈய வயல்களில் ஒன்று. மண்ணைத் தோண்டி, தண்ணீரைப் பீய்ச்சி, ஈயத்தைப் பிரித்தெடுத்தார்கள். பத்து காஜாவுக்கும் தஞ்சோங் துவாலாங்குக்கும் இடையில் இன்றைக்கும் நிற்கிற 'டிடி5' ஈயக்கப்பலைப் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருப்பீங்க. 1938-ல் கட்டப்பட்ட அந்த மிதக்கும் இயந்திரம் 1982 வரை மண்ணை வாரிக்கொண்டே இருந்தது. எடை சுமார் 4,500 டன். அது மிதந்து போன வழியெல்லாம் குட்டைதான். 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தது. சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. வேலை போனவர்கள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் கிளம்பிப் போனார்கள். குட்டைகள் மட்டும் இங்கேயே தங்கிவிட்டன.

அந்தக் குட்டைகளை யாரும் திட்டம் போட்டுப் பசுமையாக்கவில்லை. மணல் திட்டில் முதலில் லாலாங் புல் வந்தது, பிறகு புதர், பிறகு மரம். தண்ணீரில் மீன் பெருகியது. மீன் இருக்கிற இடத்துக்குப் பறவை வரும். பத்து காஜாவுக்குப் பக்கத்தில் உள்ள கிந்தா இயற்கைப் பூங்கா இப்படி உருவானதுதான். பழைய ஈயக்குட்டைகளின் தொகுப்பு அது. தீபகற்ப மலேசியாவில் கொக்கும் நாரையும் கூட்டமாகக் கூடு கட்டுகிற பெரிய இடங்களில் ஒன்று. அங்கே பதிவான பறவை இனங்கள் நூறுக்கும் மேல். வெளியூர்க்காரர்கள் பத்து காஜா என்றால் கெல்லிஸ் காசலைத்தான் படம் எடுக்கிறார்கள். பறவை பார்க்கிறவர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு நேராகக் குட்டைப் பக்கம் போய்விடுவார்கள்.

இன்னொரு பக்கம், பால்மரத் தோட்டங்கள் செம்பனைத் தோட்டமாகின, அதில் கொஞ்சம் தாமான் வீடுகளாகின. தோட்டத்து ஓடையாக இருந்தது இப்போது உங்கள் வீட்டுப் பின்னாடி சிமெண்ட் போட்ட கால்வாய். ஆனால் தண்ணீர் அதே வழியில்தான் ஓடுகிறது, கடைசியில் கிந்தா ஆற்றில் சேருகிறது. உடும்புக்கும் நீர்நாய்க்கும் அந்தக் கால்வாய் ஒரு நெடுஞ்சாலை மாதிரி. அந்தச் சாலையோரம் நீங்கள் ஒரு குளம் கட்டி, கலர் கலராகக் கொழுத்த மீனைப் போட்டு, ராத்திரி விளக்கும் போட்டு வைத்திருக்கீங்க. சாலையோரத்தில் 'மாமாக்' கடை திறந்த மாதிரிதான் இது.

யார் வந்தது? தடயத்தைப் பாருங்க

ஆளை நேரில் பார்ப்பது அபூர்வம். பெரும்பாலும் மிச்சத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கணும்.

மீன் ஒன்றும் மிச்சமில்லாமல் காணாமல் போயிருந்தால், அதிலும் சின்ன, நடுத்தர மீன்கள் தினம் ஒன்றிரண்டாகக் குறைந்தால், நாரை அல்லது கொக்கு. இவை மீனை முழுசாக விழுங்கும். மிச்சம் இருக்கிற மீனின் முதுகில் குத்துக் காயம் இருந்தால் சந்தேகமே வேண்டாம், விழுங்க முடியாத பெரிய மீனை அலகால் குத்திப் பார்த்திருக்கிறது. சாம்பல் நாரையும் செந்நாரையும் ஆள் நடமாட்டம் இல்லாத விடியற்காலையில் வரும். ராத்திரியில் "க்வாக்" என்று ஒற்றைச் சத்தம் கேட்டால் அது வக்கா. தலையும் முதுகும் கறுப்பு, கண் சிவப்பு, கழுத்து இருக்கிறதா இல்லையா என்று தெரியாத மாதிரி குறுகி உட்கார்ந்திருக்கும். பகலெல்லாம் மரத்தில் தூங்கிவிட்டு இரவு ஷிப்ட் பார்க்கிற பறவை. பேய்ச் சத்தம் என்று பயந்துபோய் நம்மிடம் விசாரிக்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

ஒரே ராத்திரியில் பாதிக் குளம் காலியாகி, மீன் தலை, வால், செதில் எல்லாம் கரையில் சிதறிக் கிடந்தால் நீர்நாய். அது விட்டுப்போகிற எச்சமும் அடையாளம் காட்டிக் கொடுக்கும். செதிலும் முள்ளும் நிறைந்த கறுப்புக் குவியல், மூக்கைப் பிடிக்கிற மீன் கவிச்சி. எப்போதும் ஒரே இடத்தில் போட்டு வைக்கும், "இது எங்க ஏரியா" என்று மற்ற நீர்நாய்களுக்குச் சொல்வதற்கு.

பகல் நேரத்தில், வெயில் ஏறிய பிறகு நடந்தது என்றால் உடும்பு. மண்ணில் நடுவே வால் இழுத்த கோடு, இரண்டு பக்கமும் நகத் தடம். தவளை, எலி, கோழிக்குஞ்சு, முட்டை எல்லாம் சேர்ந்து குறையும்.

மீன் அப்படியே இருக்கிறது, ஆனால் தவளைச் சத்தம் திடீரென்று நின்றுவிட்டது என்றால் பாம்பு வந்திருக்கலாம். தவளையும் எலியும்தான் பெரும்பாலான பாம்புகளை வீட்டுப் பக்கம் இழுப்பது.

சந்தேகமாகவே இருந்தால் பழைய ஃபோன் ஒன்றையோ மலிவு விலை சிசிடிவியையோ குளத்தைப் பார்த்து வைத்துவிடுங்க. ஒரு வாரத்தில் பதில் கிடைத்துவிடும். அந்தக் காணொளி பின்னாடி புகார் செய்யும்போதும் உதவும்.

நீர்நாய்: அழகும் உண்டு, பசியும் உண்டு

மலாயில் மெமெராங். மலேசியாவில் பல வகை நீர்நாய்கள் இருந்தாலும், ஊருக்குள் கூட்டமாக வருவது பெரும்பாலும் மென்முடி நீர்நாய். வளர்ந்த ஒன்று ஏழு கிலோவிலிருந்து பதினொரு கிலோ வரை இருக்கும். விரல்களுக்கு இடையில் சவ்வு, தட்டையான வால். குடும்பமாக வாழும், குடும்பமாக வேட்டையாடும். ஒரு நாளைக்கு ஒன்று கிட்டத்தட்ட ஒரு கிலோ மீன் சாப்பிடும். ஆறு பேர் கொண்ட குடும்பம் ஒரு தடவை உங்கள் குளத்தில் இறங்கினால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். இன்னொரு வகை சின்ன நகம் கொண்ட ஆசிய நீர்நாய். அது உருவத்தில் குட்டி, நண்டும் நத்தையும்தான் அதற்கு முதல் விருப்பம்.

தமிழுக்கு இது புது விலங்கு இல்லை. வாளை மீன் பிடிக்கிற நீர்நாய் சங்கப் பாடல்களிலேயே வருது. காவிரிப் பக்கம் இன்றைக்கும் அது வாழுது. பேராக்கில் மாத்தாங், கோலா குலா சதுப்பு நிலக் காடுகளில் நீர்நாய்கள் இருப்பது தெரிந்த விஷயம். நெல்வயல் கால்வாய்களிலும் திரியும். அதற்கு வேண்டியது மூன்றுதான்: மீன் உள்ள தண்ணீர், ஒளிந்துகொள்ள கரையோரப் புதர், போய்வர ஒரு நீர்வழி. கிந்தாப் பக்கத்தில் மூன்றும் இருக்கிறது.

ஊருக்குள் நீர்நாய் வந்தால் என்ன ஆகும் என்று பார்க்க சிங்கப்பூரைப் பாருங்க. ஆறுகள் மாசுபட்டிருந்த காலத்தில் அங்கே நீர்நாயே இல்லாமல் போயிருந்தது. சிங்கப்பூர் ஆற்றைச் சுத்தப்படுத்தும் வேலை 1977-ல் தொடங்கி 1987 வரை நடந்தது. பிறகு 1990களின் கடைசியில் நீர்நாய்கள் திரும்பி வந்தன. வடக்குக் கரையில்தான் முதலில் தென்பட்டன, அதாவது நம்ம ஜோகூர்ப் பக்கத்திலிருந்து நீந்திப் போனதாகத்தான் கருதப்படுகிறது. இப்போது பிஷான், மரினா எல்லாம் அவற்றின் குடும்பங்களுக்குப் பேர் வைத்து ரசிகர் கூட்டமே இருக்கு. 2020-ல் கோவிட் முடக்கத்தில் தெருக்கள் வெறிச்சோடியபோது, அவை அடுக்குமாடி வளாகங்களுக்குள் போய் கோய் மீன்களைச் சாப்பிட்ட காணொளிகள் பரவின. சிலருக்கு அது சிரிப்பு. பல ஆயிரம் வெள்ளி மீனை இழந்தவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. 2021 நவம்பரில் அங்கே தாவரவியல் பூங்காவில் நடைப்பயிற்சிக்குப் போன ஒருவரை ஒரு கூட்டம் கடித்தும் விட்டது. குட்டி கூட இருக்கும்போது நீர்நாய் பொம்மை மாதிரி நடந்துகொள்ளாது. இதை மட்டும் மறக்காதீங்க.

செல்லப் பிராணியாக வளர்க்கலாமே என்று நினைக்கிறவர்களுக்கு: கூடாது. சமூக ஊடகத்தில் 'கியூட்' காணொளிகள் பெருகியதால் குட்டிகளைத் திருடி விற்பது தென்கிழக்காசியாவில் பெரிய வியாபாரமானது. அதனால்தான் 2019-ல் ஜெனிவாவில் நடந்த சைட்டிஸ் மாநாட்டில் மேலே சொன்ன இரண்டு வகைகளின் அனைத்துலக வணிகமும் தடை செய்யப்பட்டது. ஒரு குட்டியைப் பிடிக்கத் தாயைக் கொல்ல வேண்டியிருக்கும் என்பதை அந்தக் காணொளிகள் காட்டாது.

உடும்பு: அடிக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

எல்லாரையும்விட அதிகமாக வருவதும், அதிகமாக அடிபடுவதும் பியாவாக்தான். நாம் உடும்பு என்கிறோம். கொஞ்சம் சரியாகச் சொன்னால் இது நீர் உடும்பு. 'உடும்புப் பிடி' என்று வீட்டில் பெரியவங்க சொல்வது தமிழ்நாட்டில் உள்ள தரை உடும்பை வைத்து வந்தது. இது அதன் சொந்தக்காரன், உருவத்தில் பெரியவன், தண்ணீரில் கெட்டிக்காரன். இலங்கைத் தமிழர்கள் இதைக் கபரக்கொய்யா என்கிறார்கள். உலகில் கொமோடோ உடும்புக்கு அடுத்தபடியாகப் பெரிதாக வளர்கிற பல்லி இனங்களில் இதுவும் ஒன்று. ஒன்றரை, இரண்டு மீட்டர் என்பது சாதாரணம். பதிவானதிலேயே மிக நீளமானது இலங்கையின் கண்டியில், 3.21 மீட்டர்.

பார்க்கப் பயமாக இருந்தாலும் மனிதனைத் தேடி வந்து தாக்குகிற குணம் இதற்கு இல்லை. ஓட வழி இருந்தால் ஓடிவிடும். வழியை அடைத்தால்தான் வாலால் விளாசும், கடிக்கும். கடித்தால் காயம் ஆழமாக இருக்கும், கிருமித் தொற்றும் வரலாம். சோப்பு போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு கிளினிக் போகணும். வீட்டு நாயை இதன் மேல் ஏவிவிடுவதுதான் நம்ம ஊரில் நடக்கிற பெரிய தப்பு. பெரும்பாலும் காயப்படுவது நாய்தான்.

இது செய்கிற வேலையையும் சொல்லிடணும். எலி, செத்த பிராணி, மீன் கழிவு, பாம்பு முட்டை எல்லாவற்றையும் தின்னும். கால்வாயில் அழுகிக் கிடக்கும் கோழியை நகராண்மைக் கழகம் வந்து எடுப்பதற்கு முன் எடுத்துவிடும். உங்கள் வீட்டுப் பின்னாடி அடிக்கடி வருகிறது என்றால் பெரும்பாலும் குளம் காரணமாக இருக்காது. குப்பைத் தொட்டி மூடி திறந்திருக்கும், அல்லது பூனைக்கு வைத்த சோறு மிச்சம் கிடக்கும்.

சட்டம் என்ன சொல்லுது? தீபகற்ப மலேசியாவில் 2010-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 716, நடைமுறையில் இருக்கிறது. நீர் உடும்பும் அதன் பட்டியலில் உள்ள பாதுகாக்கப்பட்ட விலங்கு. உரிமம் இல்லாமல் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். நீர்நாய்களும் அதே சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. அபராதம், சிறை இரண்டுமே உண்டு. 2022-ல் வந்த திருத்தம் தண்டனைகளை இன்னும் கடுமையாக்கியது. 'என் வீடு, என் குளம், என் மீன்' என்பது மட்டும் அதைக் கொல்வதற்கு அனுமதி ஆகிவிடாது. உயிருக்கு உடனடி ஆபத்து என்கிற நிலைமை வேறு. மீன் போன கோபம் வேறு. அடித்துக் கொன்றதை ஃபேஸ்புக்கில் போடுவது என்பது நீங்களே சாட்சியையும் சேர்த்து அனுப்பி வைக்கிற மாதிரி.

பாம்பு வந்துடுச்சா?

இங்கே மட்டும் வீரம் வேண்டாம்.

குளத்துப் பக்கம் வருகிற பாம்புகளில் பல நஞ்சு இல்லாத, அல்லது மனிதனுக்கு ஆபத்தில்லாத தண்ணீர்ப் பாம்புகள். மலைப்பாம்பு வந்தால் அது எலி, கோழி, பூனை தேடித்தான். உலகின் மிக நீளமான பாம்பு இனம் இது, ஆனால் நஞ்சு கிடையாது. ஆனால் தோட்டப் பகுதிகளில் நாகமும் உண்டு, அதில் நஞ்சைப் பீய்ச்சித் துப்புகிற வகையும் உண்டு. தூரத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்த்து "இது சும்மா தண்ணீர்ப் பாம்பு" என்று முடிவு கட்டுகிற திறமை நமக்கு யாருக்கும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்க.

பின்வாங்குங்க. குழந்தைகளையும் நாயையும் வீட்டுக்குள் கொண்டுபோங்க. தூரத்திலிருந்து அது எங்கே போகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டே 999-க்குக் கூப்பிடுங்க; பொம்பா அல்லது பொதுத் தற்காப்புப் படை ஆள் அனுப்பும். கண்ணில் நஞ்சு பட்டால் தேய்க்காமல், ஓடுகிற சுத்தமான தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போகணும். கடித்துவிட்டால் கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து நேராக அரசு மருத்துவமனை. பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, கயிறு போட்டு இறுக்கிக் கட்டுவது எல்லாம் சினிமாவோடு நிற்கட்டும். பாம்பைப் பிடித்து எடுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. முடிந்தால் ஒரு படம் போதும்.

அழையாத, ஆனால் நல்ல விருந்தாளிகள்

எல்லா வருகையும் தலைவலி இல்லை. மழைக்காலத்தில் ஒரு நாள் காலையில் குளத்துக்கு மேலே சுவரிலோ இலையிலோ சோப்பு நுரை மாதிரி ஒரு வெள்ளை உருண்டை ஒட்டியிருக்கும். யாரோ துணி துவைத்த நுரை என்று நினைத்துத் துடைத்து எறிந்துவிடாதீங்க. அது மரத்தவளையின் கூடு. பெண் தவளை சுரக்கிற திரவத்தைக் கால்களால் கடைந்து நுரையாக்கி, அதற்குள்ளே முட்டையிடும். வெளிப்பக்கம் காய்ந்து ஓடு மாதிரி ஆகிவிடும். உள்ளே ஈரம் இருக்கும். சில நாளில் நுரை கரைந்து தலைப்பிரட்டைகள் நேராகத் தண்ணீரில் சொட்டும். மீன் எட்டாத உயரத்தில் முட்டை, கீழே தயாராகத் தண்ணீர். இதைவிட நல்ல ஏற்பாடு எந்த எஞ்சினியர் போடுவார் தெரியல.

தும்பி வந்தால் இன்னும் நல்லது. தும்பியின் குஞ்சுப் பருவம் தண்ணீருக்குள்தான், அங்கே அது கொசுப் புழுவைத் தின்னும். வளர்ந்து பறக்க ஆரம்பித்ததும் கொசுவையே பிடிக்கும்.

கொசு என்றதும் வீட்டில் ஒரு சண்டை வரும்: "குளம் வச்சா டிங்கி வரும், மூடு." நியாயமான பயம், ஆனால் குறி தப்பு. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக ஆக ஏறக்குறைய ஒரு வாரம் போதும், அதற்கு வேண்டியது மீன் இல்லாத, அசையாத, சின்ன அளவு தண்ணீர். பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், அடைபட்ட கூரைக் குழாய், ஐஸ்பெட்டிக்குப் பின்னால் உள்ள தட்டு. மீன் நீந்துகிற, தண்ணீர் சுழல்கிற குளத்தில் அதற்குப் பிழைக்க வழி குறைவு. ஒரு வாய்ப்பு மட்டும் உண்டு: நீர்நாய் மீனையெல்லாம் தின்றுவிட்டுப் போன பிறகு, வெறுத்துப்போய் மோட்டாரை நிறுத்திவிட்டுக் குளத்தை அப்படியே போட்டு வைத்தால், அது கொசுப் பண்ணைதான். 1975-ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் சுகாதார அதிகாரிகள் உங்கள் வீட்டு வளாகத்தைச் சோதிக்கலாம், புழு இருந்தால் அபராதமும் போடலாம். ஒன்று, கப்பி மீனாவது விடுங்க. இல்லையென்றால் தண்ணீரை வெளியேற்றிடுங்க.

குளத்தைச் சுத்தம் செய்யும்போது கையுறை போடுங்க. எலி வந்துபோகிற இடம். எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சல் வெட்டுக் காயம் வழியாக உள்ளே போகும்.

வேண்டாத விருந்தாளி ஒன்றையும் சொல்லணும். குளத்துச் சுவரில் பளிச்சென்ற ரோஸ் நிறத்தில் முட்டைக் கொத்து தெரிந்தால் அது தங்க ஆப்பிள் நத்தை, மலாயில் சிப்புட் கொண்டாங் எமாஸ். தென்னமெரிக்காவிலிருந்து வந்து நெல்வயல்களை நாசம் செய்கிற ஜீவன். கையுறையோடு சுரண்டித் தண்ணீருக்குள் நசுக்கிவிடலாம். இதற்கு மட்டும் யாரும் உங்களைக் கேள்வி கேட்கமாட்டாங்க.

மீனையும் காப்பாத்தணும், வர்றதையும் கொல்லக்கூடாது

முடியும். கொஞ்சம் செலவாகும்.

நாரைக்குப் பதில் ஆழம்தான். அது தண்ணீரில் நடந்து வேட்டையாடுகிற பறவை. கரை சரிவாக இறங்காமல் நேராக ஒரு மீட்டர் இறங்கினால் நிற்க இடம் இருக்காது. உள்ளே ஒரு அகலமான களிமண் குழாய்த் துண்டைப் போட்டு வைத்தால் மீன் ஒளிந்துகொள்ளும். மேலே வலை கட்டுவதானால் இழுத்துக் கட்டுங்க. தொளதொளவென்று தொங்குகிற மெல்லிய நைலான் வலையில் பறவையும் பாம்பும் சிக்கிச் செத்துப்போகும், அதை எடுப்பது உங்களுக்கே இன்னொரு பிரச்சனை. கடையில் விற்கிற பிளாஸ்டிக் கொக்கு பொம்மையை வாங்காதீங்க. கொக்குகள் கூட்டமாக இரை தேடுகிறவை. பொம்மையைப் பார்த்து "இங்கே சாப்பாடு கிடைக்குது போல" என்று இறங்கவும் வாய்ப்பு இருக்கு.

நீர்நாய்க்கு வலை போதாது. வேலிதான் வழி. அது தோண்டும், இடுக்கில் நுழையும், ஓரளவு ஏறவும் செய்யும். கால்வாயிலிருந்து வீட்டு வளாகத்துக்கு வருகிற ஓட்டைக்குக் கம்பிக் கிராதி போட்டாலே பாதி வேலை முடிந்தது. வேலியின் அடிப்பகுதி மண்ணுக்குள் கொஞ்சம் இறங்கணும். ராத்திரி அசைவு தெரிந்தால் எரிகிற விளக்கும், தண்ணீர் பீய்ச்சுகிற கருவியும் சில நாள் உதவும். பிறகு அதுக்குப் பழகிப்போகும்.

விஷம் வைக்காதீங்க. மீன் துண்டில் விஷம் வைத்தால் முதலில் சாவது உங்கள் தெருப் பூனை, பிறகு அதைத் தின்கிற உடும்பு, பிறகு கால்வாய்த் தண்ணீர் போகிற இடத்தில் உள்ள எல்லாம்.

குளத்தின் ஒரு ஓரத்தில் கல்லை அடுக்கி வெளியேறுகிற வழி வையுங்க. தவளையும் மற்ற சின்ன விலங்கும் உள்ளே விழுந்து ஏற முடியாமல் செத்துப்போவதைத் தடுக்கும். வீட்டில் நடக்கப் பழகுகிற குழந்தை இருந்தால் முதலில் குளத்தைச் சுற்றி வேலி, மற்றதெல்லாம் அப்புறம்.

அலுத்துப்போய் மீனையும் ஆமையையும் கொண்டுபோய் ஈயக்குட்டையில் விடுவது இன்னொரு பழக்கம். புண்ணியம் என்று நினைத்துச் செய்கிறவர்களும் உண்டு. நம்ம குட்டைகளில் ஏற்கெனவே தென்னமெரிக்காவின் பீக்கோக் பாஸ் மீனும், 'இகான் பண்டாராயா' என்கிற உறிஞ்சிவாய் மீனும், சிவப்புக் காதுள்ள அமெரிக்க ஆமையும் பெருகிக் கிடக்கு. உள்ளூர் மீனின் முட்டையையும் இடத்தையும் பறிக்கிற கூட்டம் அது. வேண்டாம் என்றால் மீன் கடையில் கொடுங்க, அல்லது வளர்க்க விரும்புகிறவருக்குக் கொடுங்க. விடப் போகிற சாக்கில் குட்டையில் இறங்கிக் குளிக்கவும் வேண்டாம். ஈயக்குட்டையின் கரை கடற்கரை மாதிரி மெதுவாக இறங்காது. இரண்டு அடி எடுத்து வைத்ததும் காலுக்குக் கீழே மண்ணே இருக்காது. பேராக்கில் இப்படிப் போன பிள்ளைகளின் செய்தியை நாங்களே எத்தனையோ தடவை போட்டிருக்கிறோம்.

யாரைக் கூப்பிடணும்?

வனவிலங்கு விஷயத்துக்குப் பொறுப்பு பெர்ஹிலித்தான், அதாவது வனவிலங்கு, தேசியப் பூங்கா பாதுகாப்புத் துறை. கட்டணமில்லா எண் 1-800-88-5151. பாம்பு, காயப்பட்ட ஆள், வீட்டுக்குள் புகுந்துவிட்ட பெரிய உடும்பு மாதிரி அவசரம் என்றால் 999.

ஃபோனில் "ஒரு மிருகம் வந்துருக்கு" என்று மட்டும் சொன்னால் அவர்களுக்கு ஒன்றும் புரியாது. மலாய்ப் பெயர் தெரிந்தால் அதைச் சொல்லுங்க: பியாவாக், மெமெராங், உலார் சாவா. எத்தனை, என்ன அளவு, எங்கே நிற்கிறது, காயம் இருக்கிறதா, குட்டி கூட இருக்கிறதா, எத்தனை நாளாக வருகிறது, முழு முகவரி, பக்கத்தில் ஓடை அல்லது கால்வாய் உண்டா என்பதையும் சொல்லுங்க. படமோ காணொளியோ இருந்தால் தயாராக வைத்திருங்க. சும்மா வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போன உடும்புக்கு ஆள் அனுப்ப மாட்டார்கள், அனுப்ப வேண்டியதும் இல்லை. பிடித்துக்கொண்டு போய் வேறு இடத்தில் விட்டாலும், அந்த இடம் காலியானதும் இன்னொன்று வந்து பிடித்துக்கொள்ளும்.

தனியாகக் கிடக்கிற நீர்நாய்க் குட்டியைப் பார்த்தால் உடனே தூக்கி வீட்டுக்குள் கொண்டுவராதீங்க. தாய் இரை தேடப் போயிருக்கலாம். நாயை, பிள்ளைகளைத் தள்ளி வைத்துவிட்டு, கண்ணில் படாத தூரத்திலிருந்து கவனியுங்க. நேரம் ஆக ஆகத் தாய் வரவில்லை, குட்டி கத்திக்கொண்டே இருக்கிறது என்றால் மேலே உள்ள எண்ணுக்குக் கூப்பிடுங்க. அதுவரை பால் ஊற்ற வேண்டாம், குளத்தில் இறக்கி நீந்த விடவும் வேண்டாம்; பிறந்த நீர்நாய்க் குட்டிக்கு நீச்சல் தெரியாது, தாய்தான் கழுத்தைக் கவ்விக்கொண்டு போய்த் தண்ணீரில் பழக்கும்.